ஆள் வைத்தாயிற்று, ஆனால் எல்லா வேலையும் என்னிடமே வந்து நிற்கிறது (அரிசிக் கோலம், செந்தூல்)

செந்தூல் கோலக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டு முன்கூடத்தை வைத்துக்கொண்டு அரிசிக் கோலத் தொழில் செய்கிறேன். பேரங்காடி, ஹோட்டல் முகப்பு, அலுவலகம், கல்யாண மண்டப வாசல் என்று எல்லா இடத்துக்கும் போடுவோம். வீட்டில் தாங்களே போட்டுக்கொள்கிறவர்களுக்கு வண்ண அரிசியைப் பொட்டலம் கட்டியும் விற்கிறோம். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தில்) என் பெயரில் பதிந்த சின்ன வணிகம்தான்.

முதலில் நானும் தங்கையும் மட்டும் செய்துகொண்டிருந்தோம். தங்கை கல்யாணமாகி ஜோகூர் போய்விட்டாள். இப்போது முழுநேரமாக இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், தீபாவளி நெருங்கும்போது பகுதிநேரமாக ஏழெட்டுப் பேர் சேருவார்கள். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. விசாரித்திருக்கும் இடங்களைப் பார்த்தால், அக்டோபர் நடுவிலிருந்து ஒரே இரவில் இரண்டு மூன்று இடங்களில் வேலை நடக்க வேண்டியிருக்கும். நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக வேலையின் கிரமத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரங்காடியில் கடைகள் இரவு 10 மணிக்கு மூடிய பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள். சாமான் இறக்கும் வாசல் வழியாக, காவலரிடம் பெயர் எழுதிக் கொடுத்து, பாஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். காலை 10 மணிக்குக் கதவு திறக்குமுன் கயிறு கட்டி, சுற்றிலும் கூட்டி, நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். பளிங்குத் தரையில் பசை படக்கூடாது என்பதால் பலகையோ வினைலோ விரித்து அதன்மேல்தான் கோடு இழுப்போம். கோடு முடிந்தால்தான் அரிசி நிரப்ப முடியும்.

சிக்கல் அங்கேதான். கோடு இழுப்பது நான். மயில், குத்துவிளக்கு, தாமரை எதுவானாலும் சாக்குக் கட்டியை எடுத்து நேராகத் தரையில் போட்டுவிடுவேன். நான் கோட்டை முடிக்கும்வரை பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணி ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். அப்புறம் எல்லாரும் ஒன்றாக இறங்கி நிரப்புவோம். அப்போதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "அக்கா, இந்த இடத்துக்கு எந்தப் பச்சை?" "அக்கா, கழுத்தில் நீலம் எங்கே நிற்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்பது தப்பில்லை. பதில் என் தலைக்குள் இருக்கும்போது பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்?

அரிசிக்குச் சாயம் போடுவதும் நான்தான். பாதிக் கோலத்தில் ஒரு நிறம் தீர்ந்துவிட்டால், மறுபடி கலக்கும் அரிசி ஒருநாளும் அதே நிறத்தில் வராது. பக்கத்தில் நின்றால் தெரியாது, மேல்மாடிக் கம்பிப் பிடியிலிருந்து பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். பேரங்காடியில் எல்லாரும் படம் எடுப்பது அங்கிருந்துதான். போதாததற்கு அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் சாயங்காலமானால் இடியும் மழையும். அரிசி சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் வாடை வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டு வரவேற்பறை இரண்டு மாதத்துக்கு மின்விசிறியும் விரிப்புமாகத்தான் கிடக்கும். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அவர் நடக்கிற விதத்திலேயே தெரியும்.

இது தவிர விலை சொல்வது, படம் வரைந்து அனுப்புவது, பில் போடுவது, பணத்துக்கு நடையாக நடப்பது எல்லாம் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பதும், கடைசியில் கேட்பதும் "நீங்க நேரில் வருவீங்கதானே?" என்பதுதான். முகநூலில் என் முகம்தான் இருக்கிறது, வேறு யாரைக் கேட்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் இருக்கும் பெண்களில் ஒருத்திக்கு நிறம் கலந்து இழைப்பதில் என்னைவிட நல்ல கை. இதை அவளிடம் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டே தனியாகக் கிளம்பிவிடுவாளோ என்ற எண்ணம் வந்து வந்து போகிறது.

எதை முதலில் பிறரிடம் கொடுப்பது? எதைக் கொடுக்கவே கூடாது? கைத்தொழிலாகத் தொடங்கி ஆள் வைத்து நடத்துகிறவர்கள் சொல்லுங்கள். நிர்வாகப் பயிலரங்குகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே சொல்வதெல்லாம் அலுவலகத்துக்குத்தான் பொருந்துகிறது.


மணவறை மாமா, பினாங்கு:

வணக்கம் தங்கச்சி. நான் பினாங்கில் மணவறை அலங்காரம் செய்கிறேன். தீவிலும் செய்வேன், அக்கரையில் பட்டர்வொர்த், பிறை பக்கமும் செய்வேன். ஒரே முகூர்த்த நாளில் இரண்டு பக்கமும் வேலை இருந்தால், பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு இரண்டிலும் இல்லாமல் போவேன். ஆகவே உங்கள் நிலைமை எனக்கு நன்றாகவே தெரியும்.

நீங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். இவள் நிரப்பட்டும், அவள் பசை தடவட்டும் என்று. துண்டு வாங்கியவளுக்கு முழுக் கோலம் எப்படி வரப்போகிறது என்று தெரியாது, அதனால்தான் உங்களையே கேட்கிறாள். நான் என் ஆட்களுக்கு வேலையைக் கொடுப்பதில்லை, இடத்தைக் கொடுப்பேன். "பட்டர்வொர்த் கல்யாணம் உன்னுடையது." பூ எண்ணி வாங்குவது, லோரியில் ஏற்றுவது, மண்டபக்காரரிடம் சாவி வாங்குவது, ராத்திரி கட்டுவது, மறுநாள் பிரித்துக் கூட்டிவிட்டு வருவது வரை அவன் பொறுப்பு. முதலில் சின்னக் கல்யாணமாகப் பார்த்துக் கொடுத்தேன். நான் வீட்டிலேயே இருந்தேன். போகக்கூடாது. போனால் கை சும்மா இருக்காது, எதையாவது தொட்டுத் திருத்தும். அப்புறம் அது அவன் வேலையாக இருக்காது.

ஆனால் சும்மா விட்டுவிட்டு உட்காரவில்லை. எதை அவனே முடிவு செய்யலாம், எதற்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கேமரன் மலையிலிருந்து வரவேண்டிய வெள்ளைச் செவ்வந்தி வராமல் மஞ்சள் வந்துவிட்டதா? பெண் வீட்டார் கேட்ட நிறத்துக்குள் அடங்கினால் அவனே மாற்றிக்கொள்ளலாம். நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்தான்) செலவென்றால் கேட்க வேண்டாம், ரசீது மட்டும் வேண்டும். பெண்ணின் அம்மா புதிதாக ஏதாவது கேட்டால் உடனே எனக்கு அழைக்க வேண்டும், அவனாகத் தலையாட்டக்கூடாது. ராத்திரி 12 மணிக்கும் காலை 4 மணிக்கும் ஒரு படம் அனுப்ப வேண்டும். நேராக நின்று எடுத்த படம், அழகாக எடுத்தது வேண்டாம். நான் அடிக்கடி கூப்பிட்டுக் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதைக் காப்பாற்றவும் செய்தேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்க வருவீங்களா" கேள்விக்கு வருகிறேன். முன்பணம் வாங்கப் போகும்போதே அந்த இடத்துக்குப் பொறுப்பானவளைக் கூட்டிப் போங்கள். அளவு நாடா அவள் கையில் இருக்கட்டும், குறிப்பை அவள் எழுதட்டும், பத்து கேள்வியில் ஆறை அவள் கேட்கட்டும். அடுத்த வாரம் அவர்கள் போன் அடிப்பது அவளுக்குத்தான் இருக்கும். கொட்டேஷனிலும் எழுதிவிடுங்கள்: படமும் நிறமும் நான் பார்க்கிறேன், போடுவது என் குழு. நான் இரவு முழுக்கத் தரையில் இருக்க வேண்டும் என்றால் அது வேறு விலை. முக்கால்வாசிப் பேர் அந்த வேறு விலையைப் பார்த்ததும் குழுவே போதும் என்பார்கள்.

பில் போடுவதும் பணம் கேட்பதும் முதலில் தூக்கிக் கொடுக்க வேண்டிய வேலை. வரைகிற கைக்குக் காசு கேட்க வராது.


கேக் அக்கா, பூச்சோங்:

எல்லாரும் எப்படிப் பெரிதாவது என்றே சொல்வார்கள், நான் வேறு சொல்கிறேன். விலையை ஏற்றுங்கள். ஒரு இரவில் மூன்று இடம் எதற்கு? நல்ல விலைக்கு ஒரு இடம் போதும். நான் கல்யாண கேக் செய்கிறேன், ஆள் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தனியாகவே செய்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன். சர்க்கரைப் பூவைப் பிறர் செய்து நான் என் பெயரை ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தீபாவளிக்கு இரண்டு மாதம், மற்ற பத்து மாதம் அந்த முழுநேரப் பெண்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.


மணவறை மாமா, பினாங்கு:

கேக் அக்கா சொல்வதும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்து நாலு நாளில் செய்யலாம். பேரங்காடிக்காரன் அதே வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குத்தான் வேண்டும் என்பான், பக்கத்துப் பேரங்காடிக்காரனும் அதையே சொல்வான். கோலத்துக்கு ஆள் வேண்டும்.


ஓய்வு பெற்ற டீச்சர், செலாயாங்:

மகளே, நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவள். கலைக்கல்வியும் என் தலையில்தான் கட்டுவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

"15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு வரி போதும். நடுவில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. மார்கழியில் மாத இதழில் அப்படி ஒரு கோலம் வந்தால், ஈப்போவில் இருக்கிறவளும் காரைக்குடியில் இருக்கிறவளும் அதே கோலத்தை வாசலில் போடுவாள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்ததுகூட இருக்காது. வரைந்தவள் கூட நின்று கோடு காட்டவில்லை. புள்ளிக் கணக்கும் ஒரு சின்னப் படமும்தான் கைமாறின. வேலையைப் பிறர் கையில் கொடுக்கிற வித்தை கோலத்துக்குள்ளேயே இருக்கிறது. உன் மயிலுக்கும் குத்துவிளக்குக்கும்தான் புள்ளி கிடையாது, அதெல்லாம் உன் கைக்குள் இருக்கிறது. அதற்குப் புள்ளி வைக்கிற வேலையை இப்போது செய், அக்டோபரில் முடியாது.

எப்படி என்கிறாயா? ஆரி வேலை செய்கிற தையல்காரர்களிடம் போய்ப் பார். ரவிக்கைத் துணியில் அவர்கள் நேராக வரைவதில்லை. தாளில் பூவை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் துளை போட்டு, துணிமேல் வைத்துப் பொடிக் கலவையைத் தேய்ப்பார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாகப் பூ இருக்கும். நீயும் அதைச் செய். மயிலை ஒருமுறை அமைதியாக வீட்டில் உட்கார்ந்து, முழு அளவில் பெரிய தாளில் வரை. மண்டபத் திரை அச்சடிக்கிற கடைகளில் அகலத் தாள் சுருளாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற கோலம் என்றால் பாதிதான் வரைய வேண்டும், திருப்பிப் போட்டால் மற்றப் பாதி. துளை போட்டுவிட்டால், மெல்லிய துணியில் சாக்குப் பொடியைக் கட்டித் தட்டுவதற்கு நீ வேண்டாம். யார் வேண்டுமானாலும் தட்டலாம், ஒரே மயிலை மூன்று இடத்தில் தட்டலாம். உன் பெண்கள் 1.30 மணிவரை சுவரோரம் உட்கார வேண்டியதில்லை, பத்தரைக்கே குனிந்துவிடலாம்.

நிறத்துக்கு எண் கொடு. படத்தில் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஓர் எண். ஓர் அட்டையில் அதே எண்ணுக்குக் கீழே உண்மையான வண்ண அரிசியை ஒரு சிட்டிகை பசை போட்டு ஒட்டு. கைப்பேசிப் படம் வேண்டாம், ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு பச்சையாகத் தெரியும். நிறம் மாறி இழைகிற இடத்தில் மட்டும் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று அம்பு போடு. அந்த இழைப்பு வேலைக்குத்தான் நல்ல கை வேண்டும், அதை அந்தப் பெண்ணுக்குக் கொடு. மற்றதற்குக் கையைவிடக் கவனம்தான் வேண்டும்.

சாயம் பற்றிச் சொன்னாயே, ஒரு நிறம் முழுவதையும் ஒரே தடவையில் கலந்து காய வைத்து, இந்த இடத்துக்கு இவ்வளவு என்று நிறுத்துப் பையில் கட்டி, மேலே எண் எழுது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பை கூடுதலாக இருக்கட்டும். இடத்துக்குப் போகிற பெண் பெட்டியைத் திறந்தால் எல்லாம் இருக்க வேண்டும். சாயக் கலவையை மட்டும் நீயே வைத்துக்கொள், அதில் மாமா சொல்கிற மாதிரி உடனே விட வேண்டாம். அளவை எழுதி வைத்து, உன் பக்கத்தில் நின்று ஒரு பருவம் கலக்கட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வருவது உனக்குத் தெரியும். அதையும் தாளில் எழுது. புதிதாக வருகிற பிள்ளைகள் ஓரத்தைத்தான் முதலில் முடிப்பார்கள், அப்புறம் அதன்மேலேயே முழங்காலை வைப்பார்கள்.


கணக்கு பார்ப்பவள், பிரிக்பீல்ட்ஸ்:

எல்லாரும் கோலத்தைச் சொல்லிவிட்டீர்கள். நான் சம்பளத்தைச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

பகுதிநேரமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள் என்கிறீர்கள். அதில் உங்கள் கோல வகுப்புப் பிள்ளைகள், 16, 17 வயதுப் பெண்கள் இருக்கிறார்களா? இருந்தால் பேரங்காடி இரவுவேலைக்கு அவர்களை வைக்காதீர்கள். சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களை இரவு 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இந்த மாதிரி வேலைக்கு வைக்க முடியாது. அம்மா அப்பா சம்மதித்தாலும் அதே கதைதான். பகலில் பொட்டலம் கட்ட, துளை போட, பையில் எண் எழுத என்று அவர்களுக்கு வேலை இருக்கிறதே.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து உங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கும் சேர்த்து எல்லாருக்கும். மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட். இந்தத் தொழிலில் "ஒரு இரவுக்கு அறுபது வெள்ளி" என்று மொத்தமாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் என்றால் 69.76 வந்துவிடும், அறுபது போதாது. எட்டைத் தாண்டினால் மிகைநேரம் ஒன்றரை மடங்கு. இரவு 10 முதல் காலை 9 வரை என்றால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைப் போட்ட பிறகு கொட்டேஷனில் உங்கள் விலையும் மாறும். கேக் அக்காவுடன் நான் ஒத்துப்போகிற ஒரே இடம் அதுதான்.

ஊழியர் சேமநிதிக்கு 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அவர்கள் பங்கு 11. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஒரே ஓர் ஆள் இருந்தாலும் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதிய வேண்டும். இதை வெறும் செலவாகப் பார்க்காதீர்கள். உங்கள் பெண்கள் இரவெல்லாம் குனிந்து உட்கார்ந்துவிட்டு, விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நேர்கிற விபத்தையும் சொக்சோ எடுத்துக்கொள்ளும். நீங்களே இனி எல்லா இடத்திலும் இருக்கமாட்டீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம்.

அந்தத் திறமையான பெண் பற்றி. உங்களிடம் வேலை செய்யும்போது, வேலையின் பகுதியாக அவள் வரைந்த படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு வரும். அதே சட்டத்தில் மறுபக்கமும் இருக்கிறது: பேரங்காடி பணம் கொடுத்து உங்களை வரையச் சொன்னால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அந்தப் படம் அவர்களுடையதாகிவிடும். டீச்சரம்மா சொன்னபடி ஒரு மயிலைத் தாளில் போட்டு மூன்று இடத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், கொட்டேஷனிலேயே "படத்தின் உரிமை எங்களுடையது, இந்த இடத்தில் இந்தப் பருவத்துக்குப் பயன்படுத்த மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆனால் சட்டத்தைக் காட்டி ஒரு நல்ல கையை யாராலும் பிடித்துவைக்க முடியாது. அது வேறு பேச்சு.


செந்தூல் கோலக்காரி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, நேற்று ராத்திரியே உங்கள் பதிவை என் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்தியின் அம்மா ஆரி வேலை செய்கிறவராம், துளை போடுகிற சக்கரம் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதாம். இத்தனை நாள் சொல்லவில்லையே என்றால், "நீங்க கேட்கலையே அக்கா" என்கிறாள்.

பெரிய வினைல் விரிப்பில் சாக்குப் பொடி நிற்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். வழுக்குகிற பரப்பில் நடக்க நடக்கக் கலைந்துவிடும் என்று நினைக்கிறேன். பொடி தட்டியதும் ஒருத்தி பின்னாலேயே பென்சிலால் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தால் சரியாகிவிடும்.

மாமா, நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரே தயக்கம்தான். மணவறையில் ஒரு பூ தப்பினால் மாற்றிச் சொருகிவிடலாம். பசையில் விழுந்த அரிசியைச் சுரண்டி எடுத்தால் பலகையில் தழும்பு தெரியும். ஆகவே முழு இடத்தை ஒருத்தியிடம் கொடுப்பது பேரங்காடியில் இந்த ஆண்டு வேண்டாம். அலுவலக முகப்புக் கோலங்கள் சின்னவை, பகலில் போடலாம், காலில் மிதிபட்டால்கூட மறுநாள் சரி செய்யலாம். அவற்றை அப்படியே அந்த இரண்டு பெண்களுக்கும் கொடுக்கிறேன், கொட்டேஷனிலிருந்து கயிறு கட்டும்வரை. நான் போகமாட்டேன். பேரங்காடியில் கோடும் நிறமும் தாளில் போய்விடும், நான் இரண்டு இடத்துக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். இருட்டில் ஜாலான் கூச்சிங் வழியாக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடலாம், அந்த நேரத்தில் நெரிசல் இருக்காது.

கணக்கு அக்கா, வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு 17 வயதுதான். பகல் வேலைக்கு மாற்றிவிடுகிறேன். இரவு விலையையும் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏற்கெனவே விலை சொல்லிவிட்ட இடங்களுக்கு என்ன சொல்வது?


கணக்கு பார்ப்பவள், பிரிக்பீல்ட்ஸ்:

முன்பணம் வாங்கியவற்றை அப்படியே முடித்துக் கொடுங்கள், வித்தியாசத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும். வாங்காதவற்றுக்கு இன்றே புதிய விலை அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம், புதிய தேதி போட்டு அனுப்பினால் போதும். கொட்டேஷன் 14 நாளுக்குச் செல்லும் என்று இனி கீழே ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.


மணவறை மாமா, பினாங்கு:

தங்கச்சி, பசைத் தழும்பு நியாயமான பேச்சுதான். அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. என்னிடமிருந்து இரண்டு பேர் தனியாகப் போயிருக்கிறார்கள். ஒருத்தன் இப்போது தைப்பிங் பக்கம் செய்கிறான். முகூர்த்தம் குவிகிற நாளில் எனக்கு ஆள் போதாவிட்டால் அவன் குழுவோடு வருவான், அவனுக்குப் பெரிய மணவறை வந்தால் சட்டகமும் திரையும் என்னிடம் வாடகைக்கு எடுப்பான். போகிறவள் போவாள். முதலில் அவளிடம் "உன் கை என் கையைவிட நல்லாயிருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும், நீங்கள் சொல்கிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் அவள் பொறுப்பில் முடிகிற ஒவ்வொரு இடத்துக்கும் சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை வையுங்கள். எவ்வளவு என்பதைப் பருவம் தொடங்குமுன் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தீபாவளி முடிந்த பிறகு மனம்போல் கொடுக்கிறேன் என்பதுதான் பலர் சண்டை போட்டுப் பிரிகிற இடம்.


செந்தூல் கோலக்காரி:

இன்று மதியம் சாயம் காய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன் மாமா. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மயிலுக்குக் கழுத்தில் நான் வைக்கிற நீலம் எப்போதும் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அட்டையில் 7ஆம் எண்ணை அவளே கலக்கப் போகிறாள். தொகை பேச வெள்ளிக்கிழமை உட்காருகிறோம்.